பன்றிக்கறிக்கு ஏன் இந்த வெட்கம்?

இராஜபாளையத்திலும் ஸ்ரீவில்லிபுத்தூரிலும் ஞாயிற்றுக்கிழமைத் திருப்பலி முடிந்து வீடு திரும்பும் கத்தோலிக்கரில், ஆட்டுக்கறி வாங்குபவர் தூக்குவாளியை எல்லாரும் பார்க்கக் கையில் பிடித்துக்கொண்டு நடக்கிறார். கோழிக்கறி வாங்குபவர், எதிர்ப்படுபவரிடம் இன்று கிலோ என்ன விலை என்பதையும் சொல்லிவிட்டுப் போகிறார். பன்றிக்கறி வாங்குபவர் மட்டும் ஊரின் ஓரத்தில் உள்ள கடைக்கு வண்டியில் சென்று, கறியைக் கறுப்புப் பையில் சுற்றி, அந்தப் பையைத் துணிப்பைக்குள் மறைத்து, வண்டியின் பெட்டிக்குள் வைத்துப் பூட்டிக்கொண்டு வருகிறார். 2019 சனவரி முதல் நாளிலிருந்து நெகிழிப் பைகளுக்குத் தமிழக அரசு தடை விதித்திருக்கிறது. ஆயினும் இந்த ஒரு கடையில் கறுப்புப் பைக்குப் பஞ்சம் வந்ததே இல்லை. “அண்ணாச்சி, கறுப்புப் பைதானே?” என்று கடைக்காரரே முந்திக்கொண்டு கேட்கிறார். நம் மனம் அவருக்குத் தெரிந்திருக்கிறது.

அந்தக் கறுப்புப் பைக்கு எதிராகவே இக்கட்டுரையை எழுதத் துணிகிறேன். பன்றிக்கறி பிடிக்காதவர் உண்ண வேண்டாம். இறைச்சியே வேண்டாம் என்பவருடைய நோன்பு மனத்தை வணங்குகிறேன். என் வழக்கு அவர்களோடு அன்று. உண்டுவிட்டு உண்ணவில்லை என்பவர்களோடும், வெளியூரில் உண்பதை உள்ளூரில் இகழ்பவர்களோடும்தான் என் வழக்கு.

2024 நவம்பர் 21 முதல் 2025 சனவரி 5 வரை, பழைய கோவாவில் புனித பிரான்சிஸ் சவேரியாரின் திருவுடல் மக்கள் வணக்கத்துக்கு வைக்கப்பட்டிருந்தது. பத்தாண்டுக்கு ஒருமுறை வரும் வாய்ப்பு அது. நம் பகுதியிலிருந்தும் பலர் குடும்பத்தோடு சென்று வந்தார்கள். திரும்பியவர்கள் காட்டிய படங்களில் பேராலயம் இருந்தது, கடற்கரை இருந்தது, உணவு விடுதி மேசையில் செக்கச்செவேல் என்று ஒரு கிண்ணமும் இருந்தது. “இது போர்க் விந்தாலு. கோவாவுக்குப் போய் இதைச் சாப்பிடாமல் வந்தால் போனதற்கே பொருளில்லை” என்று பெருமையோடு விளக்கம் சொன்னார்கள். நல்லது. ஆனால் நானறிந்த ஒரு பங்கில், கிறிஸ்து பிறப்பு விழா விருந்துக்காகக் கூடிய குழுவில், “இந்த வருசம் வெண்பன்றிக் கறியும் ஒரு வகையா வைக்கலாமே” என்று ஓர் இளைஞர் சொன்னபோது என்ன நடந்தது? கோவா சென்று வந்தவர்களும் அங்கே இருந்தார்கள். சிறிது நேரம் பேச்சே இல்லை. பிறகு பெரியவர் ஒருவர் குரலைத் தாழ்த்தி, “நம்ம பங்குக்குன்னு ஒரு பேர் இருக்கு தம்பி” என்றார். அத்தோடு அந்தப் பொருள் முடிந்தது. ஆட்டுக்கறிப் பிரியாணிக்குத் தீர்மானம் நிறைவேறியது.

கோவாவில் பெருமை, இராஜபாளையத்தில் பெயர்க்கேடு. விலங்கு ஒன்றே, கறி ஒன்றே. மாறியது என்ன? பெயர் மாறியது, சமைத்தவர் மாறினார், உடன் அமர்ந்து உண்டவர் மாறினார். இந்த மூன்றையும் பிரித்துப் பார்க்க வேண்டும்.

முதலில் பெயர். விந்தாலு என்பது ஏதோ அரச விருந்தின் பெயர் என்று நம்மவர் எண்ணிக்கொண்டிருக்கிறார்கள். ‘வின்யா தால்யுஷ்’ என்னும் போர்ச்சுக்கீசியத் தொடர் கோவாவில் மருவி விந்தாலு ஆயிற்று. திராட்சை இரசமும் பூண்டும் என்பது அதன் பொருள். நெடுங்கடலில் மாதக்கணக்கில் செல்லும் கப்பலில் இறைச்சி கெடாதிருக்க, அதைத் திராட்சை இரசத்திலும் பூண்டிலும் ஊறவைத்தார்கள். மாலுமிகளின் உணவு அது. நம் மீனவர் கருவாடு போடுவதற்கும் அவர்கள் இறைச்சி ஊறவைத்ததற்கும் நோக்கம் ஒன்றே. 1510-இல் அல்புகெர்க்கு கோவாவைக் கைப்பற்றிய பின் இந்த வழக்கமும் கரையேறியது. கோவாவில் திராட்சை இரசம் எளிதில் கிடைக்கவில்லை. தென்னங்கள் கிடைத்தது. கள்ளைப் புளிக்கவிட்டுக் காடியாக்கி அதில் ஊறவைத்தார்கள். அமெரிக்கக் கண்டத்திலிருந்து போர்ச்சுக்கீசியர் கொண்டுவந்த மிளகாயையும், மிளகு, சீரகம், கிராம்பு, பட்டை ஆகியவற்றையும் கோவாப் பெண்கள் அதே காடியில் அரைத்துச் சேர்த்தார்கள். அவ்வளவுதான் விந்தாலு. ஐரோப்பியர் தந்தது பூண்டும் புளிப்பும். அதை விந்தாலு ஆக்கியது நம் நாட்டுப் பெண்களின் அம்மியும் தென்னை ஏறியவரின் உழைப்பும்.

அதே உணவு மதெய்ரா தீவில் இன்றும் கிறிஸ்து பிறப்பு விழாவுக்குரிய பலகாரமாக இருக்கிறது. 1835 முதல் அத்தீவிலிருந்து கரும்புத் தோட்டக் கூலிகளாகக் கயானாவுக்குச் சென்ற ஏழைகள் அதையும் உடன் கொண்டுபோனார்கள். அங்கே கிறிஸ்து பிறப்பு நாளின் காலை உணவாகப் பூண்டுப் பன்றிக்கறி உண்ணும் வழக்கம் இன்றும் உண்டு. கோவாச் சமையல்காரர் வழியாக ஆங்கிலேயர் கற்றுக்கொண்டு இங்கிலாந்துக்குக் கொண்டுசென்ற விந்தாலுவோ வேறு விதமாகக் கெட்டது. பெயரின் கடைசி இரண்டு எழுத்தை இந்தி ‘ஆலு’ என்று நினைத்து உருளைக்கிழங்கைப் போட்டார்கள். நாக்கு வெந்துபோகும் காரத்துக்கு அதுவே பெயராயிற்று. 1998 உலகக் கால்பந்துப் போட்டியின்போது அந்நாட்டு இரசிகர்கள் விந்தாலு என்று கத்திப் பாடும் பாட்டே ஒன்று வெளிவந்தது. பாடியவர்களில் எத்தனை பேருக்குக் கோவா எங்கே இருக்கிறது என்று தெரிந்திருக்குமோ!

இந்த வரலாற்றில் இருண்ட பக்கமும் உண்டு. அதை மறைத்து வழக்காடுவது நேர்மை ஆகாது. ஸ்பெயினிலும் போர்ச்சுகலிலும் சமயத் தீர்ப்பு மன்றங்கள், பன்றிக்கறி உண்ண மறுத்தவரை மறைமுக யூதர், மறைமுக இஸ்லாமியர் என்று ஐயுற்று வதைத்தன. கோவாவிலும் அத்தகைய மன்றம் 1560-இல் ஏற்பட்டது. ஒருவன் தட்டில் எது இருக்கிறது என்று எட்டிப் பார்த்து அவன் ஆன்மாவைத் தீர்ப்பிடும் வழக்கம் அன்று ஒரு பக்கமாகப் பாய்ந்தது. ‘உண்கிறாயா?’ என்று கேட்டு அருவருக்கும் நம் வழக்கம் இன்று மறுபக்கமாகப் பாய்கிறது.

அடுத்து, ‘இது நம் தமிழர் உணவே அன்று’ என்னும் வாதம். இதைச் சொல்பவர்கள் தமிழைப் படித்திருக்கிறார்களா என்றே கேட்கத் தோன்றுகிறது. பத்துப்பாட்டில் ஒன்றான பெரும்பாணாற்றுப்படையில், கடியலூர் உருத்திரங்கண்ணனார் தொண்டைநாட்டுக் கடற்கரை ஊர் ஒன்றைக் காட்டுகிறார். அங்கே கள் விற்கும் வீட்டில் ஆண்பன்றியைக் குழியில் அடைத்து, பெண்பன்றியோடு சேரவிடாமல், மாவு கொடுத்துக் கொழுக்க வளர்த்து, அதன் கறியைக் கள்ளோடு பாணர்க்கு விருந்தளிக்கிறார்கள். வளர்க்கும் முறை வரை சொல்லிய புலவர் அதில் இழிவு எதையும் காணவில்லை. சேக்கிழாரின் பெரியபுராணத்துக்கு வாருங்கள். திண்ணனார் தாம் வேட்டையாடிய பன்றியின் கறியைத் தீயில் பதமாக வாட்டி, தாமே சுவைத்துப் பார்த்து, நல்ல பகுதியைக் காளத்தியப்பருக்குப் படைக்கிறார். அந்தக் கண்ணப்பரை நாயன்மார் வரிசையில் வைத்து வணங்குகிறது சைவம். மதுரைச் சொக்கநாதர் தாயிழந்த பன்றிக் குட்டிகளுக்குப் பால் கொடுத்ததைத் திருவிளையாடற் புராணம் ஒரு படலமாகவே பாடுகிறது. ஆண்டாள் பிறந்த நம் ஸ்ரீவில்லிபுத்தூரில் வைணவர் வழிபடும் பத்து அவதாரங்களில் மூன்றாவது வராகம். இவை எல்லாம் இந்தப் பக்கத்தில் இருக்க, பன்றி என்ற சொல்லையே வாயில் எடுக்கக் கூசுகிற கத்தோலிக்கர் எந்த மரபைக் காப்பாற்றுகிறார்கள்?

விவிலிய மரபை என்று சிலர் சொல்லக்கூடும். லேவியர் நூலின் 11-ஆம் அதிகாரம் பன்றியை விலக்குகிறது. இணைச்சட்டம் 14-உம் விலக்குகிறது. உண்மை. பழைய உடன்படிக்கை மக்கள் அந்தச் சட்டத்துக்காக உயிரையே கொடுத்தார்கள். நம் கத்தோலிக்க விவிலியத்தில் உள்ள மக்கபேயர் இரண்டாம் நூலில், தொண்ணூறு வயது எலயாசர், பன்றி இறைச்சியை உண்பதுபோல் நடித்தால் போதும், உயிர் பிழைக்கலாம் என்று நண்பர்கள் மன்றாடியும் மறுத்துச் சாவை ஏற்கிறார். அவர் நடிக்க மறுத்ததைக் கவனியுங்கள். மறைவில் ஒன்றும் வெளியில் ஒன்றுமாக வாழ்ந்தால் இளையோருக்கு என்ன முன்மாதிரி ஆவேன் என்பதே அவர் கேட்டது. கறுப்புப் பைக்காரர்கள் எலயாசரைத் துணைக்கு அழைக்க முடியாது.

புதிய உடன்படிக்கையிலோ ஐயத்துக்கே இடமில்லை. வெளியிலிருந்து உள்ளே செல்வது மனிதரைத் தீட்டுப்படுத்தாது, உள்ளத்திலிருந்து வெளிவருவதே தீட்டுப்படுத்தும் என்று ஆண்டவர் சொன்னதை மாற்கு 7-ஆம் அதிகாரத்தில் எழுதி, இதனால் அவர் எல்லா உணவும் தூயது என்று காட்டினார் என விளக்கமும் சேர்க்கிறார். திருத்தூதர் பணிகள் 10-ஆம் அதிகாரம் நமக்கு இன்னும் நெருக்கமானது. யோப்பாவில் பேதுரு மாடியில் இறைவேண்டல் செய்யும்போது, எல்லா வகை விலங்குகளும் அடங்கிய விரிப்பு ஒன்று வானிலிருந்து இறங்குவதைக் காண்கிறார். கொன்று உண்ணும்படி குரல் கேட்கிறது. அவர் மறுக்கிறார். மும்முறை இது நிகழ்கிறது. இந்தப் பகுதியை ஆண்டுதோறும் கேட்கிறோம். ஆனால் பேதுரு தங்கியிருந்த வீடு யாருடையது என்று நின்று கேட்டிருக்கிறோமா? தோல் பதனிடும் சீமோனுடைய வீடு அது. செத்த விலங்கின் தோலோடு புழங்குபவரின் வீடு. ஊரார் ஒதுங்கிச் செல்லும் தொழில் செய்தவரின் மாடியில்தான் திருச்சபையின் முதல் தலைவருக்கு அந்தக் காட்சி அருளப்பட்டது. அதைப் பேதுரு எப்படிப் புரிந்துகொண்டார்? கொர்னேலியுவின் வீட்டுக்குள் நுழைந்ததும், எந்த மனிதரையும் தீட்டுள்ளவர் என்று சொல்லக்கூடாது எனக் கடவுள் தமக்குக் காட்டினார் என்கிறார். உணவைப் பற்றிய காட்சி, மனிதரைப் பற்றிய பாடமாக முடிகிறது. அதே பேதுரு பின்னர் அந்தியோக்கியாவில் பிற இனத்தாரோடு ஒரே பந்தியில் உண்டுவந்து, யாக்கோபிடமிருந்து சிலர் வந்ததும் அவர்களுக்கு அஞ்சி விலகிக்கொண்டார். பவுல் எல்லார் முன்னிலையிலும் அவரை எதிர்த்து நின்றதைக் கலாத்தியர் 2-ஆம் அதிகாரத்தில் படிக்கலாம். விருந்துக் குழுவில் குரலைத் தாழ்த்திய பெரியவர் அஞ்சியதும் யாருக்கோதான்.

யாருக்கு? இங்கேதான் உண்மைக் காரணம் இருக்கிறது. நம் ஊர்களில் பன்றிக்கறி என்பது ஓர் உணவின் பெயராக மட்டும் இல்லை. அது எந்தத் தெருவில் உண்ணப்படுகிறது என்பதே பலருக்கு முதல் கேள்வி. திருமணப் பேச்சில் இதை நேரில் கேட்டிருக்கிறேன். இருதரப்பும் கத்தோலிக்கர், இருவர் வீட்டிலும் திருஇருதய ஆண்டவர் படம். படிப்பு, வேலை, நகை எல்லாம் பேசி முடிந்தபின் ஓர் அம்மையார் மெதுவாக, “மதினி, உங்க வீட்டுல அதெல்லாம் புழங்குவீகளா?” என்றார். எதெல்லாம் என்று அவர் சொல்லவில்லை, கேட்கப்பட்டவரும் விளக்கம் கேட்கவில்லை. “சேச்சே” என்ற பதில் உடனே வந்தது. அந்தக் கேள்வியில் கறி ஒரு சாக்கு. நீங்கள் எந்தச் சாதி, எந்தச் சாதியாரோடு கலந்து உண்பவர் என்பதே கேள்வி. உணவின் பெயரால் கேட்டால் பாவசங்கீர்த்தனத்தில் சொல்ல வேண்டியதில்லை என்று எண்ணுகிறார்கள் போலும்.

இதற்கு வரலாற்றில் ஒரு பெரியவரைத் துணைக்கு அழைப்பது நம் படித்தவர்களின் வழக்கம். 1606-இல் மதுரைக்கு வந்த தத்துவ போதகர் இராபர்ட் தெ நொபிலி அடிகளார் இறைச்சியும் மீனும் மதுவும் துறந்து, காவி உடுத்து, சோறும் பாலும் காய்கறியும் ஒருவேளை உண்டு வாழ்ந்தார். கிறிஸ்தவம் என்றால் இறைச்சியும் மதுவும் கொள்ளும் ‘பரங்கி மார்க்கம்’ என்று மக்கள் இகழ்ந்த காலம் அது. நற்செய்தி உணவால் தடைபடக்கூடாது என்று அவர் தம் உணவைத் துறந்தார். அந்தத் தியாகத்தை மதிக்கிறேன். அவர் துறந்தது தமக்காக அன்று, பிறருக்காக. ஆனால் அந்த முறை நாளடைவில் எங்கே கொண்டுபோய் விட்டது? உயர்சாதியாரிடம் செல்லும் குருவும் தாழ்த்தப்பட்டோரிடம் செல்லும் குருவும் வேறு வேறாயினர். 1744-இல் திருத்தந்தை பதினான்காம் ஆசீர்வாதப்பர் மலபார்ச் சடங்குச் சிக்கலுக்குத் தீர்ப்பளித்த ஆணையிலும், தாழ்த்தப்பட்டோருக்கெனத் தனி மறைபணியாளர் என்னும் ஏற்பாடு இடம்பெற்றது. நொபிலி அடிகளாரின் நோன்பை நாம் கைவிட்டுவிட்டோம். ஆட்டுக்கறி இல்லாத ஞாயிறு நமக்கு ஞாயிறே அன்று. அந்த முறையில் இருந்த சாதி விலக்கை மட்டும் எடுத்துப் பன்றிக்கறியின் மேல் ஏற்றி வைத்திருக்கிறோம்.

2003 நவம்பரில், தம்மைச் சந்திக்க உரோமை சென்ற தமிழக ஆயர்களிடம் திருத்தந்தை இரண்டாம் யோவான் பவுல், கிறிஸ்தவரிடையே சாதி வேற்றுமையின் சாயல்கூட இருக்கலாகாது என்று வெளிப்படையாகவே கூறினார். ஐந்தாண்டு கழியும் முன்னே, 2008 மார்ச்சில், எறையூரில் கத்தோலிக்கரே கத்தோலிக்கரைத் தாக்கிய கலவரம் துப்பாக்கிச் சூட்டிலும் இரண்டு உயிர்ச்சேதத்திலும் முடிந்தது. கல்லறைச் சுவரையும் தேர்வீதியையும் பற்றி நாம் கூட்டம் போட்டுப் பேசுகிறோம், பேச வேண்டும். சமையலறைச் சுவரைப் பற்றி யாரும் பேசுவதில்லை. அங்கே தீர்மானம் தேவையில்லை, ஆயரின் சுற்றறிக்கை தேவையில்லை. அடுப்பை மூட்டினால் போதும்.

உடல்நலத்தைக் காட்டி வாதிடுவோருக்கும் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். நாடாப்புழுவால் மூளையில் கட்டி வருகிறதே என்கிறார்கள். அந்த மூளை நோய் பன்றிக்கறி உண்பதால் நேராக வருவதில்லை. குடலில் நாடாப்புழு உள்ள மனிதரின் மலத்தில் வெளியேறும் முட்டைகள், கழுவாத கை, காய்கறி, தண்ணீர் வழியாக வாய்க்குள் போவதாலேயே வருகிறது. ஆகவேதான் மரக்கறி மட்டும் உண்பவருக்கும் அது வருகிறது. சரியாக வேகாத கறியை உண்டால் குடலில் புழு தங்கும் என்பது உண்மை. நன்றாக வேகவைத்தால் அந்த ஆபத்து இல்லை. காடியில் ஊறுவது வேகுவதற்கு ஈடாகாது என்பதையும் சொல்லவேண்டும். சாக்கடையோரம் திரியும் பன்றியின் கறியை நானும் வாங்கச் சொல்லமாட்டேன். பண்ணையில் தீவனம் கொடுத்து வளர்க்கும் வெண்பன்றி வேறு. காட்டுப்பாக்கத்தில் கால்நடை மருத்துவ அறிவியல் பல்கலைக்கழகத்தின் ஆய்வு நிலையம் இந்த வளர்ப்பைக் கற்பித்து வருகிறது. பன்றி தெருவில் திரிகிறது என்றால், குப்பையைத் தெருவில் கொட்டியவர் யார் என்றும் ஒருமுறை கேட்டுக்கொள்ளலாம்.

இஸ்லாமிய நண்பர் விருந்துக்கு வருகிறாரே என்பார்கள். அன்று சமைக்காதீர்கள். அவர் விலக்குவது இறைநம்பிக்கையால். அதை மதிப்பதே, உரோமையர் 14-ஆம் அதிகாரத்தில் பவுல் கேட்கும் அன்பு. நம் விலக்கல் அந்த வகையைச் சேர்ந்ததன்று. அவருடைய நம்பிக்கையை நம் கூச்சத்துக்குப் போர்வையாக்குவது அவருக்கும் மரியாதை இல்லை.

இனி அடுப்புக்கு வருவோம்.

விந்தாலுவுக்கு உயிர் காடி. கடையில் மலிவாகக் கிடைக்கும் வினிகர்ப் புட்டியைத் திருப்பிப் பாருங்கள். அசெட்டிக் அமிலத்தில் தண்ணீர் கலந்த செயற்கைக் காடி என்று எழுதியிருக்கும். அது புளிக்குமே தவிர மணக்காது. கள்ளிலிருந்து தானே புளித்த காடிக்கு ஒரு மென்மையும் இலேசான இனிப்பும் உண்டு. தென்னையும் பனையும் நிறைந்த நம் நாட்டில் அதைச் செய்ய முடியாத நிலை. 1987 முதல் தமிழ்நாட்டில் கள் இறக்கத் தடை இருக்கிறது. மரத்திலிருந்து இறங்குவதை மறித்துவிட்டு, 2003 முதல் அரசே கடை திறந்து சாராய வகைகளைப் புட்டியில் விற்கிறது. இந்த முரண்பாட்டைப் பற்றித் தனியாகவே எழுதலாம். கள்ளுக்குத் தடையில்லாத கேரளமோ செங்கோட்டையைத் தாண்டினால் வந்துவிடுகிறது. கோவாவிலிருந்தும் கேரளத்திலிருந்தும் வரும் தென்னங்காடி இப்போது பெரிய கடைகளில் கிடைக்கிறது. கோவாவுக்குத் திருப்பயணம் போகிறவர்கள் படத்தோடு ஒரு புட்டிக் காடியும் வாங்கி வந்தால் நல்லது. அதுவும் கிடைக்காவிட்டால், இயற்கையாகப் புளிக்கவைத்த பழக்காடி எதுவும் உதவும். உடன் ஒரு துண்டு கருப்பட்டி சேர்த்தால் குறை தெரியாது.

ஒரு கிலோ கறிக்குக் கணக்குச் சொல்கிறேன். கொழுப்பும் தோலும் கலந்த துண்டுகளாகக் கேட்டு வாங்குங்கள். கொழுப்பில்லாத கறி காடியில் வெந்தால் நாராகிவிடும். விருதுநகர்ச் சந்தையின் நீட்டு வத்தல் எட்டு அல்லது பத்து எடுத்து விதையை உதறிவிடுங்கள். வத்தல், ஒரு தேக்கரண்டிச் சீரகம், ஒரு தேக்கரண்டி மிளகு, ஆறு கிராம்பு, விரல் நீளப் பட்டை, சிறிது மஞ்சள் ஆகியவற்றை 100 மில்லி காடியில் அரைமணி நேரம் ஊறவையுங்கள். பிறகு இருபது பல் பூண்டும் இரண்டு அங்குல இஞ்சியும் சேர்த்து அதே காடியிலேயே விழுதாக அரையுங்கள். தண்ணீர் ஒரு சொட்டும் வேண்டாம். உப்பும் விழுதும் கறியில் பிசறி, மண்சட்டியிலோ கண்ணாடிப் பாத்திரத்திலோ மூடி, ஓர் இரவு குளிர்ப்பெட்டியில் வையுங்கள். அலுமினியப் பாத்திரம் ஆகாது, காடி அதை அரிக்கும். மறுநாள் இரண்டு பெரிய வெங்காயத்தைப் பொடியாக நறுக்கிப் பொன்னிறமாக வதக்கி, ஊறிய கறியைக் கொட்டி, முதலில் ஐந்து நிமிடம் பெருந்தீயில் பிரட்டி, பிறகு மூடிவைத்துச் சிறுதீயில் ஒன்றரை மணி நேரம் வேகவிடுங்கள். கறியே தண்ணீர் விடும். வற்றினால் மட்டும் கொஞ்சம் வெந்நீர். இறக்குமுன் நெல்லிக்காய் அளவு கருப்பட்டி. கொதிக்கும் காடியின் நெடி கண்ணைக் கரிக்கும், ஆகவே சன்னலை நன்றாகத் திறந்து வையுங்கள். சாளரத்தை அடைத்துவிட்டுச் சமைக்கிற பழக்கம் மூச்சுக்கும் கெடுதல். உருளைக்கிழங்கு வேண்டாம் என்று தனியே சொல்ல வேண்டியதில்லை.

சமைத்த அன்றைக்கே உண்பதைவிட மறுநாள் சூடாக்கி உண்பதே சுவை. புளிப்பும் காரமும் அப்போதுதான் ஒன்றோடொன்று சேரும். ஆப்பத்துக்கும் பொருந்தும், சோற்றுக்கும் பொருந்தும். அடுத்த கிறிஸ்து பிறப்பு விழாக் குழு கூடும்போது அந்த இளைஞருக்குத் துணையாக இன்னும் இரண்டு பேராவது பேச வேண்டும் என்பது என் வேண்டுகோள். பிரியாணியும் இருக்கட்டும். நூறு பேருக்கு ஒரு வகையாக வைக்கப் பத்துக் கிலோ கறி, ஒரு லிட்டர் காடி, ஒரு கிலோ பூண்டு, நூறு வத்தல், இரண்டு கிலோ வெங்காயம் போதும். 23-ஆம் தேதி இரவு ஊறவைத்து 24-ஆம் தேதி மாலை சமைத்துவிட்டால், நள்ளிரவுத் திருப்பலிக்கு எல்லாரும் வந்துவிடலாம். காலையில் சூடாக்கினால் போதும். பந்தியில் சட்டி மேல் கறியின் பெயரைத் தமிழிலேயே எழுதி வையுங்கள், உண்ணாதவர் அறிந்து விலகிக்கொள்ளலாம்.